இரண்டாம் பொரி

மனைவி கனடாவுக்குப் போகும்போது ஒரு பெரிய போத்தல் நிறையக் கோப்பித்தூள் இடித்து வைத்துவிட்டுப் போனாள். மகளுக்கு இரண்டாவது பிரசவம். தாயும் பிள்ளையும் தேறியதும் வந்துவிடுவதாகத்தான் பேச்சு. தூள் முடிவதற்குள் வந்துவிடலாம் என்று அவளும் நினைத்திருப்பாள், நானும் நினைத்தேன். தூள் முடிந்தது, அவள் வரவில்லை. முதலில் குழந்தைக்கு மஞ்சள் காமாலை, பிறகு மகளுக்கு முதுகுவலி, அதன்பிறகு அங்கே குளிர்காலம். எதையும் குறை சொல்ல முடியாது. இங்கே கல்லடியில் எங்கள் வீட்டில் நான் தனியாகச் சோறு வடித்து, தனியாகச் சாப்பிட்டு, ஒரே ஒரு கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைக்கப் பழகிக்கொண்டிருந்தேன்.

கடையில் வாங்கிய தூளில் சோளம் வறுத்த வாடை அடித்தது. இரண்டு கிழமை சகித்துவிட்டு, நானே வறுக்கலாம் என்று பச்சைக் கோப்பிக்கொட்டை வாங்கிவந்து தாச்சியில் போட்டேன். வெளியே கருகி, உள்ளே பச்சையாக வந்தது. மாலையில், அங்கே அவளுக்கு விடிகிற நேரத்தில், அழைத்துக் கேட்டேன்.

“கண்பாட்டிலதான் வறுக்கிற,” என்றாள். “முதல்ல ஒருக்காப் பட பட எண்டு பெரிசாப் பொரியும். மறுகா கொஞ்சம் பொறுத்து ரெண்டாந்தரம் பொரியும். அது தொடங்கினதும் இறக்கிருங்க.”

அதற்கு மேல் ஏதோ சொன்னாள். பின்னால் குழந்தை அழுதது. எனக்கு விளங்கவில்லை.

“லைன் சரியில்ல,” என்றேன்.

“சரி, மறுகா எடுக்கிறன்,” என்றாள்.

நான் முப்பது வருடங்களுக்கு மேல் அரிசி ஆலைகளில் வேலை செய்தவன். நெல் அவிக்கும் கொதிகலனுக்கும் தீட்டும் இயந்திரத்துக்கும் நடுவில்தான் என் காலம் போனது. கடைசியாக நான் மேற்பார்வையாளனாக இருந்த ஆலையை உரிமையாளரின் பிள்ளைகள் விற்றுவிட்டார்கள். ஆலையில் பழகியவனுக்குக் கண்பாட்டில் செய்கிற வேலை வராது. மானியின் முள் எங்கே நிற்கிறது என்று பார்த்துச் செய்தே பழக்கம்.

இதை மருமகனிடம் ஒரு குறுஞ்செய்தியில் எழுதினேன். அதுவரை அவரும் நானும் “சுகமா மாமா”, “சுகம் தம்பி” என்பதற்கு அப்பால் போனதில்லை. கலியாணத்துக்கு வந்து பத்து நாள் நின்று மகளைக் கூட்டிக்கொண்டு போனவர். அன்று அவரிடமிருந்து நீளமான பதில் வந்தது. அவரும் அங்கே வாகனம் நிறுத்தும் அறையில் கோப்பி வறுக்கிறாராம். வறுபடும் கொட்டையின் வெப்பத்தைக் கணினியில் கோடாக வரைந்து பதிந்து வைக்கும் மென்பொருள் ஒன்று இருக்கிறது, இலவசம், மாமாவுக்கு நல்லாகப் பிடிக்கும் என்று எழுதியிருந்தார். ஊருக்கு வந்த ஒருவரிடம் வெப்பமானி ஒன்றும், அதோடு பொருத்துகிற கம்பியும், கணினியில் செருகும் வயரும் கொடுத்துவிட்டார்.

அந்தப் பொதி வந்த பிறகு எனக்கு வேலை கிடைத்தது. உருளும் பாத்திரம் வேண்டும். பழைய எவர்சில்வர் பானை ஒன்றின் அடியில் துளை போட்டு, நடுவே கம்பி ஓட்டி, பழைய வாகனங்களைப் பிரித்து விற்கிறவரிடம் வாங்கிய வைப்பர் மோட்டாரைப் பூட்டினேன். கீழே எரிவாயு அடுப்பு. பானையோடு சுழலாத மூடியிலிருந்த சிறு துவாரத்தால் வெப்பமானிக் கம்பி உள்ளே போய்க் கொட்டைக் குவியலுக்குள் நிற்கும். பின்கூடத்தில் இதைப் பூட்டிக்கொண்டிருந்த நாட்களில் சாப்பாட்டு நேரம்கூட மறந்தது. அது எனக்கு நல்லதாகவே இருந்தது.

மென்பொருள்தான் பாடாய்ப் படுத்தியது. மகள் படிக்கிற காலத்தில் பாவித்த மடிக்கணினியைத் தூசி தட்டி எடுத்தேன். கைத்தொலைபேசி இணையத்தில் மென்பொருளை இறக்க ஒரு பகல் போனது. திறந்தால் கறுப்புக் கட்டங்களும் இங்கிலீசும். எந்த வெப்பமானி என்று கேட்டது, எந்த வழியால் கணினிக்குள் வருகிறது என்று கேட்டது. தெரிந்ததைக் கொடுத்தேன். எண்கள் வரவேண்டிய இடத்தில் சிறு கோடுகள் மட்டும் நின்றன. மருமகனுக்குப் படம் பிடித்து அனுப்பினேன். வயருக்கென்று இன்னொரு சிறு மென்பொருளும் வேண்டுமாம், அதையும் இறக்கினேன். பிறகு எண் வந்தது. அடுப்பை மூட்டினேன். எண் இறங்கத் தொடங்கியது. பானை கொதிக்கக் கொதிக்கத் திரையில் குளிர் கூடிக்கொண்டு போனது.

மருமகனுக்கும் அது விளங்கவில்லை. ஆலையில் ஒருமுறை இப்படி நடந்தது எனக்கு நினைவு வந்தது. அடுப்பை அணைத்து, வெப்பமானியில் தலைமாறிப் பூட்டியிருந்த கம்பியின் இரண்டு முனைகளையும் கழற்றி இடம் மாற்றிப் பூட்டினேன். எண் ஒழுங்காக ஏறியது. “மாமா, நீங்க கெட்டிக்காரன்,” என்று எழுதினார். அந்தக் கிழமை முழுவதும் என்னிடம் யாராவது சொன்ன நல்ல வார்த்தை அது ஒன்றுதான்.

வறுவலின் ஒவ்வொரு கட்டத்துக்கும் அந்த மென்பொருளில் ஒரு பொத்தான் இருக்கிறது. கொட்டையைப் போட்டதும் ஒன்று, பச்சை நிறம் மாறி மஞ்சளானதும் ஒன்று, முதல் வெடிப்பு, இரண்டாம் வெடிப்பு, கடைசியில் இறக்கல். நேரம் வரும்போது நாம் அழுத்தினால் கோட்டின்மேல் ஒரு புள்ளி விழும். யுத்தத்துக்குள் வாழ்ந்த எங்கள் ஊரில் என் வயதுக்காரர்கள் வெடி என்ற சொல்லை இலேசாகச் சொல்ல மாட்டோம். மனைவி சொன்னபடி அதைப் பொரி என்று மாற்றினேன். தமிழில் அடித்தால் படத்தில் எழுத்துகள் சிதறி விழுந்தன. கடைசியில் இங்கிலீசு எழுத்திலேயே பொரி ஒன்று, பொரி இரண்டு என்று போட்டேன்.

முதல் தடவை அந்தக் கோடு வளர்வதைப் பார்த்தபோது, சத்தியமாகச் சொல்கிறேன், பக்கத்தில் யாராவது இருந்தால் நன்றாயிருக்கும் என்று மனம் அடித்துக்கொண்டது. கொதித்த பானைக்குள் குளிர்ந்த கொட்டை விழுந்ததும் கோடு சரிந்து கீழே போகிறது. ஓரிடத்தில் தயங்கி, வளைந்து, பிறகு மெல்ல ஏறுகிறது. கொட்டை சூட்டை வாங்கத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். திரும்பிப் பார்த்தேன். பின்கூடத்துக் கதவும் அதற்கப்பால் கிணறும்தான் இருந்தன. படம் பிடித்து மருமகனுக்கு அனுப்பினேன். அங்கே எல்லோரும் உறக்கத்தில் இருந்திருப்பார்கள்.

அதன்பிறகு மனைவியோடு கதைக்கும்போதெல்லாம் இதைப் பற்றியே கதைத்தேன். எத்தனை பாகையில் போட்டேன், எங்கே தீயைக் குறைத்தேன், கோடு எங்கே சறுக்கியது என்று. அவள் கேட்டுக்கொண்டிருப்பாள். அவள் பேசும்போது பாதி வரும், பாதி வராது. எத்தனை தரம்தான் “என்ன? என்ன?” என்று கேட்பது? “ஓம், ஓம்” என்பேன். வர வர அவளும் சுருக்கமாகப் பேசினாள். “சாப்பிட்டீங்களா? சரி. உடம்பப் பாருங்க.” குழந்தை வீட்டில் நேரம் இருக்காது என்று நினைத்துக்கொண்டேன்.

வறுவல் மட்டும் சரிவரவில்லை. முதல் பொரி வரும், நான் பொத்தானை அழுத்துவேன். இரண்டாம் பொரிக்குக் காத்திருப்பேன். கோடு ஏறிக்கொண்டே போகும், புகை கிளம்பும், பொரி வராது. கடைசியில் பயந்துபோய் இறக்கினால் கொட்டை எண்ணெய் கக்கிக் கரியாகியிருக்கும். எல்லாப் பதிவிலும் பொரி இரண்டு என்ற இடம் வெறுமையாகவே கிடந்தது. மருமகன் கோடுகளைப் பார்த்துவிட்டு, “இந்தச் சூட்டில கட்டாயம் வந்திருக்கும் மாமா. கொட்டையில ஏதும் பிழையோ தெரியா,” என்று எழுதினார்.

கொட்டை விற்றவர் காத்தான்குடிக்காரர். மலைநாட்டுப் பக்கமிருந்து மிளகும் கிராம்பும் பச்சைக் கோப்பியும் எடுத்து வந்து விற்கிறவர். ஹஜ்ஜுக்குப் போய்வந்தவர், எல்லோரும் ஹாஜியார் என்றே கூப்பிடுவோம். அவர் கடையில் போய், கொட்டை சரியில்லை, பழசு போலிருக்கிறது என்று சொன்னேன். அவருக்கு முகம் மாறியது. சண்டை பிடிக்கவில்லை.

“சரக்குல பிழயெண்டா நான் என்ட கண்ணால பாக்கணும் அண்ணன். கல்லடிக்கு ஒரு வேல இரிக்கி, நாளைப் பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பொறகு வாறன்,” என்றார்.

சொன்னபடி வந்தார். மனைவி போனபிறகு எங்கள் வீட்டில் ஒருவர் வந்து கதிரையில் உட்கார்ந்தது அன்றைக்குத்தான். நான் அடுப்பை மூட்டி, மோட்டாரை ஓடவிட்டு, மடிக்கணினியைத் திறந்தேன். அவர் திரையைப் பார்த்துச் சிரித்தார்.

“கோப்பி வறுக்கக் கொம்பியூட்டரா?”

“மருமகன்ட வேல,” என்றேன்.

முதல் பொரி வந்தது. அழுத்தினேன். அவர் தலையாட்டினார். நான் திரையைப் பார்த்தபடி இருந்தேன். கோடு இருநூறைத் தாண்டி மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. அவர் ஏதோ சொன்னார். கோட்டில் கண்ணாயிருந்ததால் நான் திரும்பவில்லை. அவர் எழுந்து வந்து என் தோளைத் தொட்டார்.

“அண்ணன், ரெண்டாவது பொரி தொடங்கிட்டே. இறக்கல்லியா?”

“எங்க? இன்னும் வரல்லயே,” என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். நான் பகிடி விடுகிறேன் என்று முதலில் நினைத்திருக்க வேண்டும். “சட சட எண்டு கேக்குதே. இந்தா, இப்பயும்,” என்று பானையைக் காட்டினார். நான் தலையைச் சரித்துப் பானைக்குக் கிட்டக் கொண்டுபோனேன். சூடு முகத்தில் அடித்தது. மோட்டாரின் முனகல் கேட்டது. வேறொன்றும் கேட்கவில்லை.

அவர் குனிந்து அடுப்பை அணைத்தார். இருவருமாகக் கொட்டையைச் சுளகில் கொட்டினோம், மேசை விசிறியை அதன் பக்கம் திருப்பினேன். மெல்லிய தோல்கள் பறந்து முற்றத்துக்குப் போயின. கொட்டை நல்ல கடும் மண்ணிறத்தில், மினுங்கிக்கொண்டு கிடந்தது. இத்தனை நாளும் நான் தேடிய பதம்.

அவர் ஒரு கொட்டையை எடுத்துக் கடித்துப் பார்த்தார். பிறகு என் முன்னால் வந்து நின்று, நேராகப் பார்த்துச் சொன்னார்:

“குறை விளங்காதீங்க அண்ணன். நான் முன்னாலயும் மூணு தரம் கூப்பிட்டன். சரக்குல பிழ இல்ல. ஒருக்காக் காதக் காட்டுங்க.”

நான் கோபப்படவில்லை. கோப்பி போடட்டுமா என்று கேட்டேன். போடுங்க என்றார். இரண்டு கோப்பைகள் எடுத்தேன். அவர் சீனி நிறையப் போட்டுக் குடித்துவிட்டுப் போனார். கேற்றைச் சாத்திவிட்டு வந்து, மோட்டாரை மீண்டும் ஓடவிட்டு, நிறுத்தி, ஓடவிட்டு, கேட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

காது பார்க்கிற இடத்தில் ஒரு சிறு அறைக்குள் உட்கார வைத்தார்கள். காதுகளில் கருவியை மாட்டி, கையில் ஒரு பொத்தானைத் தந்து, சத்தம் கேட்கும் போதெல்லாம் அழுத்தச் சொன்னார்கள். வீட்டில் செய்துகொண்டிருந்ததைத்தான் இங்கேயும் செய்கிறேன் என்று நினைத்தபோது சிரிப்பு வந்தது. சத்தம் மெலிந்து மெலிந்து போனது. பிறகு நெடுநேரம் ஒன்றுமே வரவில்லை. முடிந்துவிட்டது என்று நினைத்துக் கண்ணாடிக்கு அப்பால் பார்த்தேன். பரிசோதித்த பெண் இன்னும் பொத்தான்களைத் தட்டிக்கொண்டே இருந்தார்.

“மெசின் சத்தத்துக்குள்ள வேல செய்தீங்களா அங்கிள்?” என்று கேட்டார்.

“ஓம். அரிசி ஆலையில.”

“மெல்லிய சத்தங்கள்தான் போயிருக்கு. ஆக்கள் கதைக்கிற கேக்கும், ஆனா என்ன சொல்றாங்க எண்டு பிடிபடாது. வீட்டில ஆரும் சொல்லல்லயா?”

“வீட்டில நான் மட்டும்தான்.”

அவர் எழுதுவதை நிறுத்தினார். “அதான் தெரியாம இருந்திருக்கு,” என்றார்.

பஸ்ஸில் திரும்பும்போது பாலத்தின் மேல் வாவியைப் பார்த்துக்கொண்டு வந்தேன். அந்த ஒரு வருடத்தில் என்னை விட்டு விலகியவர்களை நினைத்தேன். வேலிக்கு அப்பால் நின்று கதைக்கிற பக்கத்து வீட்டுக்காரர் இப்போதெல்லாம் கையை மட்டும் காட்டிவிட்டுப் போவார். கோயில் வாசலில் சேர்ந்து நிற்கிற கூட்டாளிகள் நான் போனதும் பேச்சை முடித்துக்கொள்வது போல் இருக்கும். மனைவி இல்லாத வீட்டு ஆளோடு கதைக்க என்ன இருக்கிறது என்று நினைக்கிறார்கள் போலும், என்று நானே முடிவு கட்டி, போவதைக் குறைத்துக்கொண்டேன். அவர்கள் கேட்டதற்கு நான் பதில் சொல்லாமல் நின்றிருக்கிறேன். எத்தனை பேருக்கு, எத்தனை தரம் என்று யாருக்குத் தெரியும்.

காதுக்கருவி வந்தது. முதல் நாள் அதைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்குள் நடந்தபோது என் செருப்புச் சத்தம் எனக்கே பிடிக்கவில்லை. குளிர்சாதனப் பெட்டி உறுமியது, சுவர்க்கடிகாரம் தட்டியது, கூரையில் பல்லி. அமைதியான வீடு என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது இப்படியொரு வீடு. அன்று மாலை மனைவியை அழைத்தேன். “சாப்பிட்டீங்களா?” என்றாள். அந்த ஒரு சொல்லில் அவள் குரல் எவ்வளவு களைத்திருக்கிறது என்று கேட்டது. முந்தி அது எனக்குக் கேட்டதே இல்லை.

எல்லாவற்றையும் சொன்னேன். ஹாஜியார் வந்தது, பொரி கேட்காதது, பரிசோதனை, எல்லாம். லைன் போய்விட்டதோ என்று பழைய பழக்கத்தில் திரையைப் பார்த்தேன்.

“இஞ்சருங்க,” என்றாள். “அப்ப நான் அண்டைக்கு மகள்ர வேலயப் பத்திக் கேட்டனே, அது உங்களுக்குக் கேட்டதா?”

“எண்டைக்கு? என்ன கேட்டாய்?”

“அவள் வேலைக்குத் திரும்பப் போறாள், இன்னும் ஒரு வருசம் நிக்கச் சொல்றாள் எண்டன். எனக்கு நிக்க விருப்பமில்ல, நான் வரட்டா, இல்ல நிக்கட்டா எண்டு கேட்டன். நீங்க ஓம் ஓம் எண்டீங்க. நிக்கட்டா எண்டு திரும்பக் கேட்டன். அதுக்கும் ஓம் எண்டீங்க. மறுகா அந்தக் கோடு ஏறினதப் பத்திச் சொன்னீங்க.”

பக்கத்திலிருந்த மடிக்கணினியை மூடி வைத்தேன்.

“உங்களுக்கு அந்த மெசினோட பொழுது போகுது, நான் இல்லாட்டியும் காரியமில்ல எண்டு நினைச்சன்,” என்றாள். அழுகிறாள் என்று தெரிந்தது. மூச்சை இழுத்துப் பிடிக்கிற சத்தம்கூட இப்போது கேட்டது.

“ஆரோடயும் கதைக்க இல்லாமத்தான் அதக் கதைச்சன்,” என்றேன். “வேற ஒண்டும் என்னட்ட இருக்கல்ல.”

அவள் உடனே புறப்பட்டு வந்துவிட்டாள் என்று எழுத ஆசைதான். மகள் வேலையில் சேர்ந்துவிட்டாள். குழந்தையைப் பார்க்க வேறு ஆள் இல்லை. பொறுப்பேற்ற பிறகு பாதியில் விட்டுவிட்டு வர அவளாலும் முடியாது, வா என்று சொல்ல என்னாலும் முடியவில்லை. ஒரு வருசம் நிற்பதாகச் சொன்னவள் நின்றுகொண்டிருக்கிறாள். நான் அவளைத் தேடவில்லை என்ற அவளுடைய கவலை தீர்ந்தது, என்னுடைய தனிமை அப்படியே இருக்கிறது.

வறுவலை நான் விடவில்லை. காதுக்கருவி பூட்டினாலும் இரண்டாம் பொரி கேட்பதில்லை. பொரிகிற சத்தத்தை இரைச்சல் என்று எண்ணி அதுவே அமத்திவிடுகிறதாம். ஒருமுறை மனைவி தொலைபேசியில் இருந்து கேட்டுச் சொல்கிறேன் என்றாள். தொலைபேசியும் அதையேதான் செய்தது. அவள் காதுக்கும் போகவில்லை. “ரெண்டு பேரும் செவிடு,” என்றாள். சிரித்தோம். ஹாஜியார் வந்த அன்று வறுத்தபோது பதிந்த கோட்டைத் திரையில் பின்னணியாக வைத்துக்கொண்டு, அது முடிந்த இடத்துக்குப் புதிய கோடு வந்ததும் இறக்குகிறேன். பொரி இரண்டு என்ற பொத்தானை எடுத்துவிட்டேன். கோப்பி இப்போது நன்றாக வருகிறது. அதைக் குடிக்கிறதும் நான் ஒருவன்தான்.

மாரி தொடங்கிய ஒரு மாலை அவளோடு வீடியோவில் கதைத்துக்கொண்டிருந்தேன். குசினிக் கூரைத் தகரம் ஒழுகுகிறதா என்று கேட்டாள். பார்க்கப் போனேன். அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. தகரத்தில் அது விழுகிற விழுகையில் நல்ல காது உள்ளவனுக்கும் எதுவும் கேட்காது. கருவிக்குள் இரைச்சல் தாங்க முடியவில்லை, கழற்றிச் சட்டைப் பையில் போட்டேன். திரையில் அவள் வாய் அசைந்தது. நான் காதைத் தொட்டுக் கையை விரித்துக் காட்டினேன். அவளுக்கு விளங்கியது. பேசுவதை நிறுத்திவிட்டுக் குழந்தையை மடியில் தூக்கி வைத்து, திரைக்கு நேரே உட்கார்ந்தாள். நான் தொலைபேசியைச் சீனிப் போத்தலில் சாய்த்து வைத்துவிட்டு எதிரே ஸ்டூலை இழுத்துப்போட்டு அமர்ந்தேன். மழை விடும் வரைக்கும் இருவருமே அழைப்பைத் துண்டிக்கவில்லை.